மணமகனை எதிர்கொள்ள இறங்குதுறைக்குப் போவோம்
திருவெளிப்பாட்டின் திருமண உருவகம்: ஒரு விளக்கம்



ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வள்ளமேறி மேற்கு நோக்கிப் போனால் எழுவைதீவு வரும். கத்தோலிக்கரும் இந்துக்களும் அயலவராய் வாழும் சின்னஞ்சிறு தீவு. ஒருமுறை அங்கே திருப்பலி முடித்து, திரும்பும் வள்ளத்துக்காகத் துறையில் நின்றுகொண்டிருந்தேன். வயோதிபத் தாய் ஒருவர் மெல்ல நடந்துவந்து என் அருகில் நின்றார்.

“சுவாமி, ஒண்டு கேக்கவேணும். லீவிலே வந்த பேத்தி போனிலே ஒரு பிரசங்கம் போட்டுக் காட்டினவள். யேசு ஆண்டவர் இரகசியமாய் வந்து தம்முடைய மணவாட்டியை ஆகாயத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். மேலே ஏழு வருஷம் கலியாண விருந்தாம். கீழே விடப்பட்ட ஆக்களுக்கு ஏழு வருஷம் உபத்திரவமாம். என்ரை பிள்ளையள் எல்லாரும் கடல் கடந்து போட்டினம். நான்தான் இஞ்சை தனிய. கடைசியிலே ஆண்டவரும் வந்து என்னை விட்டிட்டுப் போடுவாரோ?”

வள்ளம் வந்துவிட்டது. இரண்டொரு வார்த்தைதான் அந்தத் தாய்க்குச் சொல்ல முடிந்தது. சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். ஏனெனில் அந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் அது சத்தமின்றிப் புகுந்திருக்கிறது.

உருவகம் பிறந்த இடம்

இறைவனை மணமகனாகவும் அவருடைய மக்களை மணமகளாகவும் காட்டும் வழக்கம் திருவெளிப்பாட்டில் தொடங்கியதன்று. கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டிலேயே இறைவாக்கினர் ஓசே இந்த உருவகத்தைக் கையாண்டார். அது ஒரு கண்ணீர்க் கதை. மனைவி வழிதவறிப் போகிறாள். கணவனோ அவளைத் தேடிச் சென்று மறுபடியும் வீட்டுக்கு அழைத்து வருகிறான். பின்பு இசையாஸ் ஆகமத்தில், கைவிடப்பட்டவள் என்று பெயரெடுத்த எருசலேமைப் பார்த்து, இனி உனக்கு அந்தப் பெயர் இல்லை, நீ மணமானவள் என்று இறைவன் ஆறுதல் சொல்கிறார் (62:4). ஆகவே தொடக்கத்திலிருந்தே இந்த உருவகத்தின் பொருள் ஒன்றுதான்: இறைவன் தாம் கைப்பிடித்த மக்களைக் கைவிட மாட்டார்.

எரேமியாஸ் சொல்வதையும் கவனியுங்கள். நாடு அழியும்போது மணமகன் குரலும் மணமகள் குரலும் அங்கே ஓய்ந்துபோகும் என்கிறார் (7:34). அதே இறைவாக்கினர், பாழடைந்த அதே தெருக்களில் அந்தக் குரல்கள் மறுபடியும் கேட்கும் என்றும் வாக்களிக்கிறார் (33:10-11). தீவுப்பகுதி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990-91 காலத்தில் தீவுகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கலியாண வீட்டுச் சத்தமில்லாத ஊர் எப்படியிருக்கும் என்று அவர்கள் கண்டார்கள். திரும்பி வந்தபின் முதற் கலியாணத்துக்கு ஊரே கூடியதையும் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

நம் ஆண்டவர் தம்மையே மணமகன் என்று குறிப்பிட்டார் (மாற்கு 2:19). ஸ்நாபக அருளப்பர், தான் மணமகனல்ல, மணமகனின் தோழன் என்றார் (அருளப்பர் 3:29). இத்தனையும் சேர்ந்து கடைசியில் திருவெளிப்பாட்டின் 19ஆம், 21ஆம் அதிகாரங்களில் வந்து நிறைவெய்துகின்றன. அல்லேலூயா என்னும் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் நான்கு தடவைதான் வருகிறது. நான்கும் செம்மறியின் திருமணம் அறிவிக்கப்படும் அந்த 19ஆம் அதிகாரத்திலேயே வருகின்றன.

எழுத்து முடிந்த மணமகள்

யூதருடைய திருமணம் இரண்டு படியாக நடந்தது. முதலில் மண ஒப்பந்தம். அது முடிந்தவுடனே சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. ஆனால் பெண் தன் தகப்பன் வீட்டிலேயே இருப்பாள். ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின் மணமகன் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வான். அப்போதுதான் விருந்து. கன்னி மரியாளும் சூசையப்பரும் இந்த இரண்டு படிக்கும் இடையில் இருந்த காலத்தில்தான் வானதூதர் தோன்றினார் (மத்தேயு 1:18-20).

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது புதினமல்ல. நம்மிடையே ‘எழுத்து’ ஒரு நாள், கலியாணம் வேறொரு நாள். இந்நாட்களில் எழுத்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை வெளிநாட்டிலும் பெண் ஊரிலுமாக விசாவுக்குக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை! அந்தப் பெண் யாருடையவள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவள் இன்னும் அவனோடு வாழத் தொடங்கவில்லை. எழுத்து வேறு, தேவதிரவிய அனுமானம் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். காத்திருத்தல் எப்படிப்பட்டது என்று காட்டவே இந்த உவமையைச் சொல்கிறேன்.

திருச்சபையின் நிலை இதுவே. கிறிஸ்துவுக்கு உங்களை மண ஒப்பந்தம் செய்துவைத்தேன் என்ற கருத்தில் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார் (2 கொரி. 11:2). ஒப்பந்தம் கல்வாரியிலேயே முடிந்துவிட்டது. இரத்தத்தால் கையெழுத்தும் ஆகிவிட்டது. எனவே மணமகன் நம்மை ஏற்றுக்கொள்வாரோ, மாட்டாரோ என்று தவிக்கும் பெண்ணைப்போல நாம் நடுங்க வேண்டியதில்லை. நமக்கு இருக்க வேண்டியது, எழுத்து முடிந்த பெண்ணின் ஆவலும் பிரமாணிக்கமும்.

மணவாட்டி யார்?

இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவர் என்று போதிப்பவர்கள், மணவாட்டி என்றால் விழிப்பாயிருந்த ஒரு சிலர் என்கிறார்கள். திருவெளிப்பாடு என்ன சொல்கிறது? வானதூதர் அருளப்பரிடம், வா, செம்மறியின் மணமகளைக் காட்டுகிறேன் என்கிறார். ஆவலோடு பார்க்கிற அருளப்பருக்குக் காட்டப்படுவது ஒரு பெண்ணல்ல, ஒரு நகரம் (21:9-10)! அதற்குப் பன்னிரண்டு வாயில்கள். அவை ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை. பன்னிரு குலங்களின் பெயர்களும் பன்னிரு அப்போஸ்தலர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அதாவது, பழைய ஏற்பாட்டு மக்களும் புதிய ஏற்பாட்டு மக்களும் சேர்ந்த முழுச் சமூகமே மணவாட்டி. தனியொருவர் ‘நான்தான் மணவாட்டி, நீ இல்லை’ என்று சொல்ல இங்கே இடமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். திருவெளிப்பாட்டில் நாம் மணமகள். அதே அதிகாரத்தில் விருந்துக்கு அழைக்கப்பட்டோரும் நாமே (19:9). மத்தேயு 25இல் நாம் விளக்கேந்திய கன்னியர்; அந்த உவமையில் மணமகள் கதைக்குள் வருவதே இல்லை. லூக்காஸ் 12இல் கலியாண வீட்டுக்குப் போன எசமானுக்காகக் காத்திருக்கும் ஊழியர். அங்கே எசமானே இடுப்பைக் கட்டிக்கொண்டு ஊழியருக்குப் பரிமாறுகிறார்! ஒரே ஆள் ஒரே கலியாணத்தில் பெண்ணாகவும் தோழியாகவும் விருந்தாளியாகவும் ஊழியனாகவும் இருக்க முடியுமா? உருவகத்தில் முடியும். ஒவ்வொன்றும் உண்மையின் ஒவ்வொரு பக்கத்தைக் காட்டுகிறது. இவற்றையெல்லாம் வரிசையாக அடுக்கி, இன்ன வருடம் இன்னது நடக்கும் என்று பஞ்சாங்கம் கணிப்பது வேதத்துக்குச் செய்யும் அநியாயம்.

எதிர்கொள்ளப் போகிறவர் எங்கே போகிறார்?

இனி அந்தத் தாயின் பயத்துக்கு நேராக வருவோம். அவர் கேட்ட பிரசங்கத்தின் அடிப்படை, சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒரு வசனம் (4:17). ஆண்டவரை எதிர்கொள்ள மேகங்களில் எடுத்துச் செல்லப்படுவோம் என்ற கருத்து அதில் உண்டு. அந்த வசனத்திலிருந்து இரகசிய வருகை ஒன்றையும், ஏழாண்டு உபத்திரவத்துக்கு முன் தப்பிப் போதலையும் பிரித்தெடுத்துக் கோத்துப் போதித்தவர் ஜோன் நெல்சன் டார்பி என்பவர்; காலம் 19ஆம் நூற்றாண்டு. 1909இல் அமெரிக்காவில் வெளியான ஸ்கோபீல்ட் விளக்கவுரை வேதாகமத்தின் மூலம் அப்போதனை உலகெங்கும் பரவியது. திருச்சபைத் தந்தையர் எவரும் இதை இந்த வடிவத்தில் போதித்ததில்லை.

‘எதிர்கொள்ள’ என்பதற்கு அங்கே சின்னப்பர் எழுதிய கிரேக்கச் சொல் ‘அப்பாந்தேசிஸ்’. பேரரசரோ பெரிய அதிகாரியோ ஒரு நகருக்கு வரும்போது, நகரத்தார் வாயிலுக்கு வெளியே சென்று அவரை வரவேற்று, தங்கள் நகருக்குள் அழைத்து வருவதற்கு அந்தச் சொல்லை வழங்குவர். புதிய ஏற்பாட்டில் வேறு இடங்களிலும் அச்சொல் வருகிறது. கன்னியர் உவமையில், மணமகன் வருகிறார், எதிர்கொள்ளப் புறப்படுங்கள் என்று நள்ளிரவில் எழும் குரலில் வருகிறது (மத். 25:6). அவர்கள் வெளியே போனது மணமகனோடு வேறெங்கோ போய்விடுவதற்கல்ல. அவரோடு கலியாண வீட்டுக்குள் நுழைவதற்கு. அப்போஸ்தலர் பணியில், சின்னப்பர் உரோமைக்கு வருவதைக் கேள்வியுற்ற சகோதரர்கள் அப்பியு சந்தைவரைக்கும் மூன்று சத்திரங்கள்வரைக்கும் எதிர்கொண்டு வந்தபோதும் இதே சொல்தான் (28:15). அவர்களும் சின்னப்பரோடு உரோமைக்கே திரும்பினார்கள். 407இல் இறந்த புனித பொன்வாய் அருளப்பரும், இந்தத் திருமுகத்தை விளக்கியபோது, நகருக்குள் நுழையும் அரசரை மேன்மக்கள் வெளியே சென்று எதிர்கொள்வதையே உவமையாகச் சொன்னார்.

நாம் எழுவைதீவு இறங்குதுறைக்கே திரும்புவோம். மாப்பிள்ளை வேறு ஊரிலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வள்ளத்தில்தான் வரவேண்டும். வீட்டார் துறைக்குப் போகிறார்கள். சோளகக் காற்று கடுமையானால் வள்ளம் பிந்தும், காத்திருக்கிறார்கள். வள்ளம் தெரிந்ததும் ஆரவாரம். மாப்பிள்ளை இறங்குகிறார். மாலையிட்டு, அவரை நடுவில் வைத்து, எல்லாரும் ஊருக்குள் வருகிறார்கள். வரவேற்கப் போனவர்கள் மாப்பிள்ளையின் வள்ளத்தில் ஏறிக்கொண்டு, ஊரை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்று எந்தக் கலியாணத்திலாவது கேள்விப்பட்டதுண்டா?

திருவெளிப்பாடும் இப்படியே முடிகிறது. புதிய எருசலேம் மணமகளைப்போல அலங்கரிக்கப்பட்டு வானகத்திலிருந்து இறங்கி வருகிறது. இறைவன் மனிதரோடு குடிகொள்ள வருகிறார் (21:2-3). வேதாகமத்தின் கடைசிக் காட்சியில் மனிதர் பூமியைக் கைவிட்டு ஓடவில்லை. இறைவன் பூமியைத் தேடி வருகிறார்.

அப்படியானால், ஒருவர் எடுக்கப்படுவார், மற்றவர் விடப்படுவார் என்று ஆண்டவர் சொன்னது என்ன (மத். 24:40-41)? அதற்கு முந்திய வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே நோவாவின் காலம் சொல்லப்படுகிறது. வெள்ளம் வந்து அசட்டையாயிருந்தவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மீந்து நின்றது நோவாவின் குடும்பம். ஆகவே, விடப்படுவது என்றாலே கேடு என்று அந்த வசனத்தைக் கொண்டு யாரும் யாரையும் பயமுறுத்த முடியாது. ஆண்டவர் அங்கே கேட்பது விழிப்பு ஒன்றே. சின்னப்பரும் தம் வசனத்தை எழுதியது இறந்தோருக்காக அழுதுகொண்டிருந்தவர்களைத் தேற்றுவதற்கு. இவ்வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றே அப்பகுதியை முடிக்கிறார் (4:18). தேற்றுவதற்கு எழுதியதைத் திகிலூட்டப் பயன்படுத்துவது முறையா?

ஆயிரம் ஆண்டு அரசாட்சி பற்றிய கணக்குகளை ஏற்க முடியாது என்று நம் திருச்சபை தெளிவாகப் போதிக்கிறது. 1944இல் உரோமைத் திருப்பீடம் இதுபற்றித் தீர்ப்புச் சொன்னது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் அதையே மறுபடி கூறுகிறது (676). ஆண்டவர் மகிமையோடு மீண்டும் வருவார். வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பிடுவார். அது விசுவாசப்பிரமாணத்தில் நாம் அறிக்கையிடும் சத்தியம். நாளையும் நாழிகையையும் தந்தை ஒருவரே அறிவார்.

கூறையை யார் கொண்டுவருவது?

மணமகளுக்குப் பளபளப்பான மெல்லிய சணல் ஆடை ‘கொடுக்கப்பட்டது’ என்கிறது திருவெளிப்பாடு (19:8). கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவதே நம் வழக்கம். இங்கேயும் அப்படித்தான். பரிசுத்தம் நாம் காசு கொடுத்து வாங்கும் உடையல்ல. மணமகன் கொண்டுவரும் கூறை. ஆனால் அந்த ஆடை புனிதர்களின் நற்செயல்களைக் குறிக்கும் என்றும் அதே வசனம் சொல்கிறது. கூறை கிடைத்தாலும் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு மணவறைக்குப் போக முடியாது, உடுத்தவேண்டும். அருள் இறைவனுடையது. அதை உடுத்திக்கொண்டு ஏழைக்குச் சோறிடுவதும், அயலவனோடு ஒப்புரவாவதும், நோயாளியைப் பார்ப்பதும் நம்முடைய பங்கு. உடுத்தாமல் வந்த ஒருவனின் கதையை மத்தேயு 22இல் வாசிக்கலாம்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு சொல். செம்மறியின் திருமணத்தில் மணமகள் சீதனம் கொண்டுவந்ததாக ஒரு வரிகூட இல்லை. மணமகன்தான் தம்மையே கையளித்தார் (எபேசியர் 5:25). நம் ஊரில் நடப்பது என்ன? வீடு, காணி, நகை, ரொக்கம் என்று கணக்குப் பார்த்து, பெண்ணைப் பெற்றவரைக் கடனாளியாக்கிவிட்டு, பீடத்தின் முன்னால் வந்து, இத்திருமணம் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவின் அடையாளம் என்று சொல்லச் சொல்கிறோம். எந்த வாயால் சொல்வது? யுகமுடிவுக் கணக்குப் பார்ப்பதை விட்டு, முதலில் இந்தக் கணக்கை நிறுத்துவோம்.

எண்ணெய்

பத்துக் கன்னியரும் தூங்கிவிட்டார்கள் என்பதைக் கவனித்தீர்களா? விவேகிகளும் தூங்கினார்கள். தூங்கியதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. வித்தியாசம் எண்ணெயில்தான் இருந்தது.

எண்ணெயின் அருமை நம் மக்களுக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் சிறிதளவு எண்ணெய் ஊற்றி, திரி செருகி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த விளக்கில் படித்தவர்கள் இன்று வைத்தியராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். இன்று எழுவைதீவிலே சூரிய ஒளியையும் காற்றையும் டீசல் இயந்திரத்தையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் சட்டம் அதுவே: பகலில் மின்கலத்தில் சேமித்ததுதான் இரவில் எரியும்.

விவேகக் கன்னியர் எண்ணெய் கொடுக்க மறுத்தது கஞ்சத்தனமன்று. அந்தத் தடைக் காலத்திலும் நம்மவர்கள் ஒருவருக்கொருவர் எண்ணெய் கொடுத்தார்கள். ஆனால் தாயின் செபத்தை மகன் கடன் வாங்க முடியாது. மனைவியின் பொறுமையைக் கணவன் கடைசி இரவில் இரவல் கேட்க முடியாது. ஒவ்வொரு நாளும் துளித்துளியாகச் சேர்க்கவேண்டியது அது.

இனிக் கடல் இல்லை

திருவெளிப்பாட்டை எழுதிய அருளப்பரும் ஒரு தீவில் இருந்தவரே. இறைவார்த்தையின் பொருட்டுப் பத்மோஸ் என்னும் தீவில் இருந்தேன் என்று அவரே எழுதுகிறார் (1:9). அவர் அன்புகொண்ட சபைகள் அக்கரையில், நடுவே கடல். புதிய வானமும் புதிய பூமியும் காணும்போது அவர் கண்ணில் முதலில் படுவது என்ன தெரியுமா? கடல் இல்லாமற் போயிற்று என்பது (21:1).

கடலை நம்பி வாழும் நம் மீனவச் சகோதரர் இதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். யூதரின் வழக்கில் கடல் குழப்பத்துக்கும் தீமைக்கும் அடையாளம்; திருவெளிப்பாட்டில் கொடிய விலங்கு கடலிலிருந்தே எழும்புகிறது (13:1). ஆனால் தீவிலே தனிமையில் இருந்த ஒருவர் அதை எழுதும்போது அதற்கு இன்னுமொரு பொருள் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்: பிரித்து வைப்பது இனி ஒன்றுமில்லை. அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கிடக்கிற கடல் அந்நாளில் இராது. எல்லாரும் ஒரே பந்தியில் இருப்பார்கள். இறைவன் தாமே அவர்கள் கண்ணீரைத் துடைப்பார்.

அந்தப் பந்தியின் முன்சுவை நமக்கு இப்போதே கிடைக்கிறது. நற்கருணை வழங்குமுன் குரு அப்பத்தை உயர்த்திப் பிடித்து, செம்மறியின் விருந்துக்கு அழைக்கப்பட்டோரைப் பேறுபெற்றோர் என்று வாழ்த்துகிறாரே, அந்த அழைப்பு திருவெளிப்பாடு 19:9இலிருந்து எடுக்கப்பட்டது. பாரிசிலோ ரொறன்ரோவிலோ மகள் திருப்பலிக்குப் போகும்போதும், எழுவைதீவிலே தாய் திருப்பலி காணும்போதும், இருவரும் கேட்பது அதே அழைப்பு. உட்காருவது அதே பந்தி.

வள்ளம் புறப்படுமுன் நான் அந்தத் தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, ஆண்டவர் உங்களை விட்டிட்டுப் போகிறதுக்கு வரமாட்டார். உங்களிட்டைத்தான் வருவார். நீங்கள் துறையிலே நிண்டாற் போதும்.” அவர் சிரித்தார். “அப்ப நான் இஞ்சையே நிக்கிறன், சுவாமி” என்றார். வள்ளம் அகன்ற பின்னும் அவர் கைகாட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

குடும்பமாகச் சிந்திக்க

1. திருவெளிப்பாடு 21:1-7ஐ இவ்வாரம் இரவுச் செபத்தில் வாசியுங்கள். அதில் உங்களை மிகவும் தேற்றும் வார்த்தை எது?

2. நம் வீட்டில் அண்மையில் நடந்த, அல்லது நடக்கவிருக்கும் கலியாணத்தில் சீதனப் பேச்சு எப்படி இருந்தது? கிறிஸ்து அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்கக் கூடுமா?

3. பிள்ளைகள் தூரத்தில் இருக்க, தனித்திருக்கும் வயோதிபர் யாராவது நம் அயலில் உண்டா? இந்த ஞாயிறு அவரைத் திருப்பலிக்கு அழைத்துப் போக யார் முன்வருவார்?